செம்மேட்டுக்கு ஏறிய குடிகள்

சென்ற இதழோடு மரக்காணத்து உப்பளங்களை விட்டுக் கிளம்பினோம். கரையை ஒட்டியே தெற்கே வந்தால் பெரிய முதலியார்சாவடி. மீன்பிடிக் குப்பமும் தென்னந்தோப்பும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் கடைவரிசையும் சேர்ந்த ஊர். இதுவரை கடலைப் பார்த்தபடியே எழுதி வந்த இந்தத் தொடர் இங்கே மேற்கே திரும்ப வேண்டியிருக்கிறது. சாலையிலிருந்து பிரியும் பாதை கொஞ்சங்கொஞ்சமாக மேடேறிக் குயிலாப்பாளையத்தை அடைகிறது. அதற்கும் அப்பால் இடையஞ்சாவடி, கோட்டக்கரை, ஆலங்குப்பம், இரும்பை என்று ஊர்கள் சூழ்ந்த செம்மண் மேடு. கடல்மட்டத்துக்குச் சுமார் ஐம்பது மீட்டர் உயரம்தான். ஆனாலும் கரையிலிருந்து பார்ப்பவருக்கு அது வேறொரு நாடு. 1968 பிப்ரவரி 28 அன்று அந்த மேட்டின் நடுவில் ஓர் ஆலமரத்தருகே ஆரோவில் தொடங்கப்பட்டது. 124 நாடுகளின் பிரதிநிதிகள் தத்தம் மண்ணைக் கொண்டுவந்து தாமரை மொட்டு வடிவிலான ஒரு கலத்தில் இட்டார்கள். பாரிசில் 1878-ல் பிறந்து அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னையாக அறியப்பட்ட மிரா அல்ஃபாசா, தன் அறையிலிருந்தபடி நகரத்தின் சாசனத்தைப் பிரெஞ்சு மொழியில் வாசிக்க, வானொலி அதை ஒலிபரப்பியது.

அதற்குப் பின் வந்த பத்தாண்டுகளில் பிரான்சிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் வந்து அந்த மேட்டில் கீற்றுக் குடிசை போட்டுத் தங்கியவர்களை ஆரோவில்லின் வரலாறு 'முன்னோடிகள்' என்று அழைக்கிறது. அந்தப் பெயருக்கு அவர்கள் தகுதியானவர்களே. வெயிலில் வெந்து, மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவந்து, ஒவ்வொரு கன்றாக நட்டு, செத்த கன்றின் குழியில் மறுபடியும் நட்டவர்கள் அவர்கள். அந்தப் பெருமையைக் குறைப்பது இந்தக் கட்டுரையின் நோக்கமில்லை. ஆனால் இந்தக் கதை சொல்லப்படும் விதத்தில் ஒரு பிழை ஊறிக் கிடக்கிறது. 'ஆளில்லாப் பாலைவனத்துக்கு வந்தார்கள், காடாக்கினார்கள்' என்பதே வழக்கமான வாசகம். அந்த மேட்டில் ஆள் இருந்தார்கள். அது பாலையாகவே பிறந்த நிலமும் இல்லை. அதைக் காடாக்கியதில் உழைப்பு, விதை, இழப்பு ஆகிய மூன்றிலும் சுற்றியுள்ள ஊராருக்குப் பெரும் பங்கு உண்டு. முன்னோடிகளின் பட்டியல் அவர்களையும் சேர்த்தே எழுதப்பட வேண்டும் என்பதே என் வாதம்.

குடியேற்ற வரலாறு எழுதுவோர் எல்லோரும் ஏதோ ஓர் இடத்தில் அமெரிக்காவைத் தொட்டே ஆக வேண்டும். 1862-ல் அமெரிக்க அரசு இயற்றிய குடியேற்றச் சட்டம், மேற்கே போய் ஐந்தாண்டு தங்கி நிலத்தைப் பண்படுத்துபவருக்கு 160 ஏக்கரைச் சொந்தமாக்கியது. 1890 மக்கள்தொகைக் கணக்கு, இனி எல்லைக்கோடு என்று ஒன்றை வரைய முடியாத அளவுக்கு மேற்கு நிறைந்துவிட்டது என்று அறிவித்தது. அதை அடிப்படையாகக் கொண்டு 1893-ல் சிகாகோவில் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர் என்ற இளம் வரலாற்றாசிரியர் ஒரு கட்டுரை வாசித்தார். மேற்கே நகர்ந்துகொண்டே இருந்த அந்த எல்லைப்புறமும் அங்கே இலவசமாகக் கிடைத்த நிலமுமே அமெரிக்கரின் குணத்தையும் ஜனநாயகத்தையும் உருவாக்கின என்றார். இரண்டு தலைமுறை அதை வேதமாகவே ஏற்றது. பிற்காலத்தவர் கேட்ட கேள்வி எளிமையானது: இலவச நிலம் யாருடையது? அங்கே ஏற்கெனவே வேட்டையாடியும் பயிரிட்டும் வாழ்ந்த குடிகள் அந்தக் கோட்டை வரைந்தவர்களின் எண்ணிக்கைக்குள் வரவில்லை. எண்ணாதவரை நிலம் காலி. எண்ணத் தொடங்கியதும் அது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிய நிலம்.

ஆரோவில்லை அப்படியே அந்த அச்சில் வார்ப்பது தவறு. அமெரிக்க மேற்கில் ராணுவம் முன்னே போனது, உடன்படிக்கைகள் மீறப்பட்டன, மக்கள் கூட்டங்கூட்டமாக விரட்டப்பட்டார்கள். இங்கே துப்பாக்கி இல்லை. கிரயப் பத்திரம் இருந்தது. இன்னொரு வேறுபாடு அதைவிட முக்கியமானது. உலகெங்கும் முன்னோடி என்பவர் காட்டை வெட்டி வயலாக்கியவர். நம் மரபும் அதையே போற்றியது. பட்டினப்பாலை கரிகாலனைப் புகழும்போது காட்டை அழித்து நாடாக்கியதையும் குளம் வெட்டியதையும் ஒரே மூச்சில் சொல்கிறது. செம்மேட்டில் நடந்தது இதன் தலைகீழ். இங்கே வந்தவர்கள் கொல்லையை வாங்கிக் காடாக்கினார்கள். உலகக் குடியேற்ற வரலாற்றில் இதற்கு நிகரான நிகழ்வுகள் மிகக் குறைவு. அதனால்தான் இதைச் சரியாக எழுதுவது அவசியமாகிறது. வெட்டிய முன்னோடியின் கதையில் வழிவழியாக வந்த 'காலி நிலம்' என்ற நினைப்பு, நட்ட முன்னோடியின் கதைக்குள்ளும் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டது.

மேடு காலியாக இருந்ததா என்பதை முதலில் பார்ப்போம். ஆரோவில் எல்லைக்குள்ளேயே பெருங்கற்காலத் தாழிகள் கிடைத்துள்ளன. சற்றுத் தள்ளி, புதுச்சேரியை ஒட்டிய சுத்துக்கேணியிலும் முத்திரப்பாளையத்திலும் 1950-களில் பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசால் அகழ்ந்து அதே காலத்துப் புதைவிடங்களைக் கண்டார். சங்க காலத்தில் இந்தப் பகுதி ஓய்மாநாடு. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட நாடு. அதில் வரும் எயிற்பட்டினத்தை ஆய்வாளர்கள் மரக்காணத்தோடும் கிடங்கிலைத் திண்டிவனத்தோடும் பொருத்துகிறார்கள். இரண்டுக்கும் தெற்கேதான் இந்த மேடு. ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் இரும்பை மாகாளத்தைப் பாடியிருக்கிறார். கோயிலும் ஏரியும் அதை ஒட்டிய கழனியும் இன்றும் மேட்டின் மேற்குச் சரிவில் இருக்கின்றன. கிழக்கே பொம்மையார்பாளையத்தில் பொம்மபுர ஆதீனத்தின் மடம். ஆக, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக ஆள் புழங்கிய நிலம் இது.

பாலையாகவே இருந்ததா என்பது அடுத்த கேள்வி. கடலூர் மணற்கல் என்று நிலவியலார் சொல்லும் படிவத்தின் மேல் ஏறிய செம்மண் இது. ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தோடு கொட்டித் தீர்த்துவிடும். இப்படிப்பட்ட நிலத்துக்கென்று ஒரு காடு உண்டு. வறண்ட பசுமைமாறாக் காடு என்று தாவரவியலார் வகைப்படுத்தும் அந்தக் காடு, கோரமண்டலக் கரையை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையிலும் இலங்கையிலும் மட்டுமே தழைப்பது. வீரை, உலக்கைப்பாலை, காசா போன்ற உயரம் குறைந்த, இலை தடித்த மரங்கள். கோடையிலும் பச்சை மாறாது. அந்தக் காடு போன கதை ஒரே நாளில் நடந்ததில்லை. 1760-ல் புதுச்சேரியை முற்றுகையிட்ட ஆங்கிலப் படை பெரம்பைச் செம்மேட்டில் முகாமிட்டிருந்தது. 1761 ஜனவரியில் நகரம் விழும்வரை ஆயிரக்கணக்கானோருக்கு அடுப்பெரித்ததும் அரண் கட்டியதும் சுற்றுவட்டாரத்து மரங்களாகத்தான் இருக்க முடியும். நகரத்துக்கு வேண்டிய விறகும் வீட்டு மரமும் எப்போதும் மேட்டிலிருந்தே இறங்கின.

இந்த விளக்கங்கள் எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது மல்லாட்டை. 1840-களிலிருந்து புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளுக்கு வேர்க்கடலை ஏற்றுமதியானது. அந்தத் தேவைதான் தென்னாற்காட்டின் புன்செய்களில் கம்பும் வரகும் கேழ்வரகும் இருந்த இடத்தில் மல்லாட்டையை அமர்த்தியது. பின்னர் மாகாணத்திலேயே பேர்பெற்ற கடலை மாவட்டமாகத் தென்னாற்காடு ஆனது. பணப்பயிர் வந்ததும் குடியானவர் கையில் காசு புரண்டது உண்மை. ஆனால் இந்தப் பயிரின் இயல்பைக் கவனிக்க வேண்டும். ஆடிப்பட்டத்தில் விதைத்தால் ஐப்பசியில் செடியைப் பிடுங்க வேண்டும். கம்பை அறுத்தால் தாளும் வேரும் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மல்லாட்டையைப் பிடுங்கினால் மண் கிளறிவிட்ட மண்ணாகக் கிடக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் பருவமழை இறங்குகிறது. ஐம்பது மீட்டர் சரிவில் நூறாண்டு இது நடந்தால் மேல்மண் எங்கே இருக்கும்? ஓடைகள் ஆளுயரத்துக்கும் மேல் அறுந்து பள்ளத்தாக்குகளாயின. பொம்மையார்பாளையத்துக்கு மேலே அந்தச் செம்பள்ளத்தை இன்றும் பார்க்கலாம். மழைநாளில் கடலோரம் சிவந்து ஓடியது இந்த மேட்டின் மண்தான். ஆக, 1968-ல் வந்தவர்கள் கண்ட வெறுமைக்கு ஐரோப்பியச் சந்தைக்கும் பங்குண்டு. பிரெஞ்சு சோப்பு ஆலைக்காகத் தேய்ந்த நிலத்தில் பிரெஞ்சுக்காரர்களே வந்து மரம் நட்டார்கள் என்பது நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். காரணம் எதுவாயினும் 1968-ல் அந்த மேடு மொட்டையாகத்தானே இருந்தது? பழைய புகைப்படங்களில் சில பனைகளையும் அந்த ஆலமரத்தையும் தவிர எதுவும் தெரியவில்லையே? புகைப்படம் பொய் சொல்லவில்லை. ஆனால் புகைப்படத்தில் தெரியாத பயன்கள் உண்டு. அந்த மொட்டை மேட்டில்தான் மானாவாரிக் கொல்லைகள் இருந்தன; முந்திரி இருந்தது; பனையேறிகளின் பிழைப்பு இருந்தது. பயிரில்லாத மாதங்களில் அதுவே ஆடு மாடுகளின் மேய்ச்சல் வெளி. பெண்கள் சுள்ளி பொறுக்கியதும் முள் வெட்டியதும் அங்கேதான். கடலோரக் குப்பத்துக்கும் உள்ளூர்ச் சந்தைக்குமான ஒற்றையடிப் பாதைகள் அதன் குறுக்கே போயின. விளைச்சல் மோசமாக இருந்தது, உண்மை. மோசமான நிலமே ஏழையின் நிலம் என்பதும் அதே அளவு உண்மை. நன்செய்க்காரருக்கு இரும்பை ஏரியடியில் கழனி இருந்தது. கழனி இல்லாதவருக்கு மேடு இருந்தது.

நிலம் விலைக்குத்தானே வாங்கப்பட்டது என்பது அடுத்த மறுப்பு. வலுவான மறுப்பு, இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 1960-களின் நடுவிலிருந்து ஸ்ரீ அரவிந்தர் சங்கம் துண்டு துண்டாக நிலத்தைக் கிரயம் செய்தது. விற்றவர்கள் விரும்பியே விற்றார்கள். விளையாத கொல்லைக்கு ரொக்கம் கிடைப்பது அந்தக் காலத்தில் சிறிய காரியம் இல்லை. அந்தக் காசில் ஊரில் மகளுக்குக் கல்யாணம் முடித்தவரும், தாழ்வான நிலத்தில் கிணறு வெட்டியவரும் இருந்திருப்பார்கள். ஆனால் கிரயப் பத்திரம் பட்டாதாரரோடு மட்டுமே பேசும். அறுவடைக்குப் பின் அதே கொல்லையில் ஆடு மேய்த்தவருக்குப் பட்டா இல்லை. விறகு பொறுக்கிய பெண்ணின் பெயர் எந்தச் சிட்டாவிலும் இல்லை. பனங்காட்டுக்குக் குத்தகை வாய்ப்பேச்சில்தான் இருந்தது. பட்டாதாரர் விலை வாங்கிக்கொண்ட நாளில் இவர்களின் அனுபவ உரிமை விலையின்றியே கைமாறியது. கன்று பிழைக்க வேண்டுமென்றால் வேலி போட்டே ஆக வேண்டும். ஆடு நுழைந்தால் ஒரு வருட உழைப்பு ஒரு காலையில் போய்விடும். வேலி போட்டவருக்கு அது காட்டைக் காப்பது. வேலிக்கு வெளியே ஆட்டோடு நின்றவருக்கு மேய்ச்சல் மூடப்பட்டது. ஆரோவில்லின் தொடக்க ஆண்டுகளில் வந்தவர்களுக்கும் ஊராருக்கும் நடந்த சச்சரவுகளில் மேய்ச்சலும் விறகும் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். இரு பக்கத்திலும் நியாயம் இருந்த சண்டை அது. காடு இன்று நிற்கிறது என்பதற்காக மேய்ச்சல்காரரின் நியாயம் இல்லாமல் போய்விடாது.

உழைப்புக்கு வருகிறேன். இந்தக் கட்டுரை முக்கியமாக நிற்பது இங்கேதான். 1969-ல் குயிலாப்பாளையத்தை ஒட்டி 'ஆஸ்பிரேஷன்' என்ற குடியிருப்பு எழுந்தது. பிரான்சிலிருந்து தரைவழியாக வண்டிகளில் வந்த ஒரு குழு அங்கே தங்கியது. சவுக்குக் கழியும் கீற்றும் கொண்டு கூரை வேயும் கலை பாரிசிலிருந்து வந்ததில்லை. எங்கே தோண்டினால் தண்ணீர், எந்த மாதம் காற்று எந்தப் பக்கம் அடிக்கும், எந்தப் பாம்புக்கு ஒதுங்க வேண்டும் என்பதெல்லாம் ஊராரிடம் கற்றவை. மேட்டைக் காப்பாற்றிய முதல் வேலை மரம் நடுவதுகூட அன்று, மழைநீர் ஓடாமல் தடுப்பது. சரிவுக்குக் குறுக்கே வரப்பு வரப்பாகக் கரை எழுப்பினார்கள். ஓடைகளில் தடுப்பணை கட்டினார்கள். நீர் நின்று ஊறிய இடத்தில்தான் கன்று பிழைத்தது. ஆயிரக்கணக்கான ஏக்கரில் அந்தக் கரைகளை வெட்டிப் போட்டது மண்வெட்டியும் பாண்டும் பிடித்த கூலியாட்களின் கைகள். குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, கோட்டக்கரை, ஆலங்குப்பத்து ஆணும் பெண்ணும். கன்றுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றியவர்களில் பெண்களே மிகுதி. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் நடப்பட்டதாக ஆரோவில் சொல்கிறது. சில நூறு குடியேறிகள் மட்டுமே இருந்த காலத்தில் தொடங்கிய வேலை அது. அவர்கள் கை மட்டும் நட்டிருக்க முடியாத எண்ணிக்கை.

கூலி கொடுத்தார்களே, கூலியாள் எப்படி முன்னோடி ஆவார் என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு நாம் இலங்கை மலையகத்தை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். 1867-ல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தேயிலை பயிரிட்டார். இலங்கைத் தேயிலையின் தந்தை என்று அவருக்கு நினைவுச்சின்னம் உண்டு. அதற்கு முன் கோப்பிக் காலத்திலும் பின் தேயிலைக் காலத்திலும் மன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டு வழியே நடந்து, வழியில் காலராவுக்குப் பலியானவர் போக மீந்தவர்கள் காடு வெட்டி, சரிவைத் திருத்தி, மலையைத் தோட்டமாக்கினார்கள். அவர்களும் கூலி வாங்கியவர்களே. 1948-ல் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியபோது, நாட்டை உருவாக்கியவர்களுக்கு இப்படியா என்று தமிழர் எல்லோரும் கேட்டோம். கேட்டது சரி. கூலி என்பது அன்றைய நாளின் கணக்கைத் தீர்க்கும். யார் ஒரு நிலத்தை உருவாக்கினார் என்ற கணக்கை அது தீர்ப்பதில்லை. மலையகத்தில் இந்த அளவுகோலை எடுத்த நாம், வானூர் வட்டத்தில் இருக்கும் இந்தச் செம்மேட்டில் அதைக் கீழே வைக்க முடியாது.

விதைக்கு வருவோம். தொடக்கத்தில் நடப்பட்டவற்றில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அகேசியா பெருமளவு இருந்தது. வேகமாக வளரும், இலையுதிர்த்து மண்ணைக் கட்டும், வெட்டினால் பலகையாகும். வந்தவர்களின் நல்ல தேர்வு அது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அகேசியாவின் நிழலில் இந்த மண்ணின் சொந்தக் காட்டை மீட்க வேண்டும் என்ற எண்ணம் வந்தபோது, விதை எங்கே கிடைக்கும் என்ற கேள்வி எழுந்தது. வனத்துறைக் காடுகளில் எஞ்சியது சொற்பம். எஞ்சியிருந்த இடம் கிராமத்துக் கோயிற்காடு. மரக்காணத்துக்கும் பெரிய முதலியார்சாவடிக்கும் இடையே கீழ்ப்புத்துப்பட்டில் மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலைச் சுற்றி நிற்கும் சோலை அதில் பெயர்பெற்றது. அய்யனாருக்கு அஞ்சி ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்காத ஊர்களே வீரையையும் உலக்கைப்பாலையையும் காசாவையும் இரண்டு நூற்றாண்டு அழிவிலிருந்து காத்து வைத்திருந்தன. பிச்சாண்டிக்குளம் போன்ற ஆரோவில் வனக் குழுக்கள் இப்படிப்பட்ட சோலைகளைத் தேடிப் போய்ப் பட்டியலிட்டார்கள், விதை சேர்த்தார்கள், நாற்றங்கால் போட்டார்கள். அறிவியல் முறையோடு அதைச் செய்தது அவர்களின் சாதனை. சேர்ப்பதற்கு விதை மிஞ்சியிருந்தது ஊராரின் சாதனை. சுற்றுவட்டாரத்து ஊரார்தான் மரங்களை வெட்டி மேட்டை மொட்டையாக்கினார்கள் என்ற குற்றச்சாட்டைச் சொல்பவர்கள் இந்தச் சோலைகளை ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும். அதே மக்கள் வெட்டவும் செய்தார்கள், தலைமுறை தலைமுறையாகக் காக்கவும் செய்தார்கள். பசி ஒன்றைச் செய்வித்தது, பக்தி இன்னொன்றை.

மறுமுனையில் நிற்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆரோவில்லைக் குடியேற்றக் காலனியத்தின் தொடர்ச்சியாகப் பார்க்கும் ஆய்வுகள் அண்மையில் வந்துள்ளன. பிரெஞ்சு இந்தியாவைப் பற்றி 2021-ல் நூல் வெளியிட்ட ஜெசிகா நாமக்கல் அவ்வகையில் முக்கியமானவர். வெள்ளைத் தோலுக்கும் வெளிநாட்டுப் பணத்துக்கும் கிடைத்த சலுகையை அவர்கள் சுட்டுவது சரி. ஆனால் அந்தச் சட்டகம் ஒரு பெரிய உண்மையை விழுங்கிவிடுகிறது. காலனி என்பது நிலத்தை உறிஞ்சி வெளியே அனுப்புவது. செம்மேட்டில் நடந்தது நிலத்துக்குள் மண்ணும் நீரும் திரும்பியது. சாசனப்படி இந்த நகரம் எவருக்கும் தனிச்சொத்தாகாது. நட்டவர் தன் காட்டைப் பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது. ஊர்ப் பிள்ளைகளில் பலர் எழுபதுகளிலிருந்தே ஆரோவில்லில் சேர்ந்து அதன் உறுப்பினராகியிருக்கிறார்கள். சுமார் 3,000 பேர் கொண்ட இன்றைய ஆரோவில்லில் ஏறத்தாழப் பாதி இந்தியர்; அவர்களில் தமிழர் பெருந்தொகையினர். 'எழுத்து' இதழ்க் காலத்துக் கவிஞர் இரா. மீனாட்சி ஆரோவில்லிலேயே வாழ்ந்து ஊர் இளைஞர்களின் கல்விக்காக உழைத்தவர். 1983 முதல் கிராமச் செயல்வழிக் குழு ஊர்ப் பெண்களோடும் இளைஞர்களோடும் வேலை செய்கிறது. இதையெல்லாம் காலனியம் என்ற ஒரே சொல்லில் அடைத்தால், உறுப்பினராகச் சேர்ந்த குயிலாப்பாளையத்துக்காரர் தன் வாழ்க்கையைத் தானே தேர்ந்தெடுத்தார் என்பதைக்கூட மறுத்தவர்களாவோம்.

வெளியிலிருந்து வந்தவர்கள் இல்லாமல் இந்தக் காடு வந்திருக்குமா? வந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஐந்து வருடம் பலன் தராத வேலைக்குப் பணத்தையும் வாழ்க்கையையும் ஒதுக்க, நாளைய அரிசிக்குக் கவலைப்படாத ஒருவர் வேண்டியிருந்தது. அந்தச் சுதந்திரம் ஊராரிடம் இல்லை. 1973 நவம்பர் 17-ல் அன்னை மறைந்தபின் பணம் வறண்டது. சங்கத்துக்கும் குடியேறிகளுக்கும் நிர்வாகச் சண்டை மூண்டது. அந்த நடுக்கத்திலும் மேட்டை விட்டுப் போகாமல் நின்று கன்றுகளைக் காத்தவர்களின் பிடிவாதம் பெரியது. ஆனால் இந்தக் கேள்வியைத் திருப்பியும் போட வேண்டும்: ஊரார் இல்லாமல் வந்திருக்குமா? இதற்கும் அதே விடைதான்.

பிறகு சட்டம் வந்தது. 1980-ல் நாடாளுமன்றம் ஆரோவில் அவசர ஏற்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றி நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. 1982 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. 1988-ல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம். ஆட்சிக் குழு, குடியிருப்போர் பேரவை, பன்னாட்டு ஆலோசனைக் குழு என மூன்று அமைப்புகள். பேரவையில் இடம்பெறப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். ஒரு நிறுவனத்துக்குப் பதிவேடு தேவைதான். ஆனால் பதிவேடு வந்ததும், மேட்டை உருவாக்கியவர்கள் யார் என்ற வரலாற்றுக் கேள்விக்கும் அதுவே விடையாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பெருந்திட்டத்தின் வரைபடம் 2.5 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம். மொத்தம் 1,963 ஹெக்டேர், அதில் 1,472 ஹெக்டேர் பசுமை வளையம். அந்த வளையத்துக்குள்ளும் விளிம்பிலும் பழைய ஊர்கள் இருக்கின்றன. ஊராரின் பட்டா நிலங்களும் இருக்கின்றன. கட்டடக் கலைஞர் ரோஜர் ஆஞ்சே 50,000 பேருக்கு வரைந்த நகரத்துக்காக 2021 டிசம்பரில் வட்டச் சாலை வெட்ட மரங்கள் சாய்க்கப்பட்டபோது வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. சுற்றுச்சூழல் அனுமதி பெறும்வரை மேற்கொண்டு கட்டக் கூடாது என்று தீர்ப்பாயம் 2022-ல் சொன்னது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்கின் ஒருபுறம் அறக்கட்டளை, மறுபுறம் குடியிருப்போர். அந்த மரங்களுக்குக் குழி வெட்டியவர்களையும் தண்ணீர் ஊற்றியவர்களையும் ஒரு தரப்பாகக் கொண்டுவர அந்தச் சட்டத்தில் வழியே இல்லை.

ஊர்களை ஒரே முகமாகக் காட்டுவதும் தவறு என்பதைச் சொல்லியாக வேண்டும். நிலம் விற்ற குடும்பமும் கரை வெட்டப் போன குடும்பமும் பெரும்பாலும் வேறுவேறு. ஊர்த் தெருவுக்கும் காலனிக்கும் இடையிலிருந்த இடைவெளி, வெளிநாட்டவர் வந்ததால் மறைந்துவிடவில்லை. ஆனால் ஆரோவில் வேலை சாதி பார்க்காமல் கூலி கொடுத்தது, பண்ணைக்காரரின் வாசலில் நிற்க வேண்டிய கட்டாயத்தைத் தளர்த்தியது. இன்று சுற்றுவட்டாரத்தில் சில ஆயிரம் பேருக்கு அங்கே வேலை. கூடவே நிலவிலை ஏறியது. பெரிய முதலியார்சாவடியிலிருந்து குயிலாப்பாளையம்வரை சாலையின் இருபுறமும் விடுதியும் உணவகமும் முளைத்தன. கொஞ்சம் நிலம் வைத்திருந்தவர் வளர்ந்தார், நிலமே இல்லாதவர் வாடகை கொடுக்கத் திணறினார். கடலோரமோ தேய்கிறது. 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுக முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர் கட்டியபின் வடக்கு நோக்கி வந்த மணல் நின்றது. கோட்டக்குப்பம் தொடங்கிப் பொம்மையார்பாளையம்வரை குப்பங்கள் வீடுகளை இழந்தன, கடற்கரையிலிருந்த ஆரோவில் குடியிருப்புகளும் தப்பவில்லை. மேட்டில் மண்ணைக் காத்த அறிவு கரைக்கு இறங்கி வர வேண்டிய காலம் இது. அதை மேட்டுக்காரரும் குப்பத்தாரும் சேர்ந்தே செய்ய முடியும்.

எழுத்தில் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டால், சில வேலைகளைச் சொல்வேன். பழைய கூலிப் பேரேடுகள், மேஸ்திரிகளின் நோட்டுப் புத்தகங்கள் எங்கெல்லாம் எஞ்சியிருக்கின்றனவோ அவற்றைத் திரட்ட வேண்டும். முதல் கரைகளை வெட்டியவர்கள் இன்று எழுபது, எண்பது வயதுக்காரர்கள். எந்த ஓடையில் எந்த ஆண்டு எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே பதிவு செய்ய வேண்டும். கிரயப் பத்திரங்களைப் பதிவு அலுவலகத்தில் எடுத்து, எந்தக் கொல்லையில் மேய்ச்சல் இருந்தது, எந்தப் பாதை மூடியது என்பதை வரைபடத்தில் ஏற்ற வேண்டும். ஐரோப்பியக் குடியேறிகளின் நாட்குறிப்பும் கடிதமும் நூல்களாக வந்துவிட்டன. குயிலாப்பாளையத்தின் நினைவு இன்னும் திண்ணையில்தான் இருக்கிறது.

காடு வளர்க்கும் கல்வி மேட்டோடு நின்றுவிடவில்லை என்பதையும் குறித்துக்கொள்வோம். சென்னை அடையாறு முகத்துவாரத்தில் குப்பையும் கழிவுநீரும் மண்டிக் கிடந்த 58 ஏக்கரைத் தமிழக அரசு தொல்காப்பியப் பூங்காவாக மாற்றி 2011-ல் திறந்தபோது, மீட்பு வேலையைத் திட்டமிட்டது பிச்சாண்டிக்குளத்தார். இங்கே கற்ற முறை அங்கே பயன்பட்டது. அதே குழு மரக்காணத்தை அடுத்த நடுக்குப்பத்தில் சுற்றுச்சூழல் கல்வி மையம் ஒன்றையும் அமைத்தது. செம்மேட்டின் வடமேற்குச் சரிவில் விழும் மழை ஓடைகளாகி வடக்கே போய்ச் சேரும் கழுவெளி அங்கிருந்து பக்கம். 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட உவர்நீர்ச் சதுப்பு. அதன் கரையில் உழுபவருக்கும் மீன் பிடிப்பவருக்கும் வனத்துறைக்கும் இடையே அறிவிப்பு வரும் முன்பே தொடங்கிய எல்லைத் தகராறை அடுத்த இதழில் பார்ப்போம்.